மீன்களுக்கு வரும் நோய்களும் நாம் செய்ய வேண்டுவனவும்

ஆடு மாடுகளுக்கு நோய் கண்டால் உழவர் உடனே அறிந்துகொள்கிறார். மாடு தீனி எடுக்கவில்லை, அசை போடவில்லை, காது மடல் தொங்குகிறது என்று வீட்டிலுள்ள சிறுவரும் சொல்லிவிடுவர். கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிச் செல்லவும் எவரும் தயங்குவதில்லை. மீனின் நிலைமை அவ்வாறன்று. அது நீருக்கடியில் வாழ்வது, குரலற்றது. செத்த மீன்கள் கரையோரம் மிதக்கும் காலையிலேதான் பெரும்பாலும் அதன் நோய் நமக்குத் தெரியவருகிறது. அதற்குள் குஞ்சு வாங்கிய செலவும், தீவனச் செலவும், குத்தகைப் பணமும், ஓராண்டு உழைப்பும் வீணாகிவிடுகின்றன.

தென்காசி, குற்றாலம் பகுதிகளில் இன்று மீன் மூன்று இடங்களில் வளர்கிறது. முதலாவது, மீன்பாசி குத்தகைக்கு விடப்படும் பாசனக் குளங்கள். இரண்டாவது, விவசாயிகள் தம் நிலங்களில் வெட்டியுள்ள பண்ணைக் குட்டைகள். மூன்றாவது, வீட்டுக் கூடத்தில் வைக்கும் கண்ணாடித் தொட்டிகளும், கொல்லைப்புறத்தில் வண்ண மீன் வளர்க்கும் சிமெண்டுத் தொட்டிகளும். இம்மூன்றும் வெவ்வேறு தொழில்களாகத் தோன்றினும், மீனின் உடலும் அதற்கு வரும் நோய்களும் பெரும்பாலும் ஒன்றே. கண்ணாடித் தொட்டியில் நாம் கண்ணால் காண்பதே, குளத்தில் கலங்கல் நீருக்கடியில் நம் கண்ணுக்குத் தெரியாமல் நடைபெறுகிறது. ஆகவே, தொட்டி மீனின் நோயைக் கூர்ந்து அறிந்தவர் குளத்து மீனையும் காக்கவல்லவராவார்.

நீரே மூலம்

மீன் நோயைப் பற்றி நாம் மனத்தில் கொள்ள வேண்டிய முதல் செய்தி, அதில் பெரும்பகுதி நீரின் கேட்டினால் வருவது என்பதாகும். நமக்குக் காற்று வேறு, கழிவு செல்லும் சாக்கடை வேறு. மீனுக்கு இரண்டும் ஒரே நீர்தான். நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செவுள்களால் ஈர்த்து அது உயிர் வாழ்கிறது. உடற்கழிவான அம்மோனியாவையும் பெரும்பாலும் அச்செவுள்களின் வழியாக அதே நீரில்தான் விடுகிறது. தின்னாது மிஞ்சிய தீவனமும் அழுகி அம்மோனியாவாக மாறுகிறது.

இயற்கையில் இந்த நஞ்சைத் தீங்கற்ற பொருளாக மாற்றுவதற்கென்றே சிலவகை நுண்ணுயிர்கள் உண்டு. புதிதாக நீர் நிரப்பிய தொட்டியில் அவை போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். புதுத் தொட்டி வாங்கிய அன்றே பத்துப் பதினைந்து மீன்களை விட்டு, அவை ஒன்றன்பின் ஒன்றாக மடிவதைக் கண்டு, 'கடைக்காரர் நோய் மீனைக் கொடுத்துவிட்டார்' என்று வருந்துவோர் பலர். பெரும்பாலும் மீனைக் கொன்றது நோயன்று, அம்மோனியாவே. முதலில் இரண்டு மூன்று மீன்களை மட்டும் விடுதல், சில நிமிடங்களில் தின்று தீரும் அளவே தீவனமிடுதல், வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுதல் ஆகிய மூன்றும் இதனைத் தடுக்கும்.

மற்றொரு செய்தியும் உண்டு. பஞ்சாயத்தின் மேல்நிலைத் தொட்டியில் மக்கள் நலத்திற்காகச் சலவைத்தூள் கலக்கிறோம். அதிலுள்ள குளோரின் நமக்கு நன்மை செய்வது. ஆனால் மீனின் செவுளைப் புண்ணாக்கிவிடும். குழாய் நீரை வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்திருந்து, அதன்பின் தொட்டியில் ஊற்ற வேண்டும்.

காலையில் காண வேண்டிய குறிகள்

மீன் நோயை அறிய உகந்த நேரம் விடியற்காலை. நாள்தோறும் ஐந்து நிமிடம் குட்டைக் கரையிலோ தொட்டியின் முன்போ நின்று பார்ப்பது போதும். நலமுள்ள மீன் தீவனத்தைக் கண்டதும் விரைந்து வரும். துடுப்புகளை விரித்து நீந்தும். ஆளின் நிழல் பட்டால் விலகி ஓடும். கீழ்க்கண்ட குறிகளில் எது தென்பட்டாலும் ஐயம் கொள்ள வேண்டும்.

1. மீன்கள் நீரின் மேற்பரப்பில் வாய் பிளந்து காற்றைக் குடித்தல்.
2. தீவனத்தை நாடாமல் தனித்து ஒதுங்கி நிற்றல். கரையோரம் சோர்ந்து கிடத்தல்.
3. கல், சுவர், செடி முதலியவற்றில் உடலைத் தேய்த்துக்கொள்ளுதல், திடீரெனத் துள்ளுதல்.
4. துடுப்புகளை உடலோடு ஒட்டி மடக்கிக்கொள்ளுதல்.
5. உடலில் புள்ளி, சிவப்பு, புண், பஞ்சு போன்ற படலம், செதில் உதிர்தல் காணப்படுதல்.
6. செவுள் வெளிறியோ கறுத்தோ போதல், வயிறு வீங்குதல், கண் பிதுங்குதல்.

இவற்றுள் முதற்குறி பெரும்பாலும் நோயன்று, மூச்சுத் திணறலே. பகலில் நீரிலுள்ள பாசி வெயிலைக் கொண்டு பிராணவாயுவை உண்டாக்குகிறது. இரவில் அப்பாசியும் மீனைப்போலவே பிராணவாயுவைச் செலவிடுகிறது. எனவே விடியலில் அதன் அளவு மிகக் குறைந்திருக்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருப்பது நலம். 3 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் மீன் தவிக்கும். குற்றாலச் சாரல் நாட்களில் வானம் தொடர்ந்து மூடியிருக்கும்போது பாசிக்கு வெயில் கிட்டுவதில்லை. சாணமும் தீவனமும் மிகுதியாக இட்ட குட்டைகளில் அப்போது ஆபத்து அதிகம். அன்று தீவனத்தையும் எருவையும் நிறுத்திவிட்டு, பம்புசெட்டை இயக்கி நீரை உயரத்திலிருந்து குட்டைக்குள்ளேயே வீசி விழச் செய்ய வேண்டும். இயலுமாயின் புதுநீர் பாய்ச்சலாம். மருந்து எதுவும் வேண்டியதில்லை.

சில நோய்களும் அவற்றின் பரிகாரமும்

*வெண்புள்ளி நோய்:* உப்புத் தூவியதுபோல் உடலெங்கும் சிறு வெண்புள்ளிகள் தோன்றும். மீன் உடலைத் தேய்த்துக்கொள்ளும். வெளியிலிருந்து புதுமீன் வந்த பிறகும், நீர் திடீரெனக் குளிர்ந்த பிறகும் இது வருவது இயல்பு. இதனை உண்டாக்கும் நுண்ணுயிர் மீனின் தோலுக்கடியில் இருக்கும்போது மருந்து அதனை எட்டாது. அது முதிர்ந்து கீழே விழுந்து, பலவாகப் பிரிந்து, வேறு மீனைத் தேடி நீரில் நீந்தும் பருவத்தில் மட்டுமே அழிக்க முடியும். ஆதலால் ஒருநாள் மருத்துவம் பயனற்றது. தொட்டி நீரில் லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் வரை கல்லுப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்து, அடிமணலைக் கிளறிக் கழிவை உறிஞ்சி எடுத்து, ஒன்றுவிட்டு ஒருநாள் நீரின் ஒரு பகுதியை மாற்றி, அகற்றிய அளவுக்குரிய உப்பை மீண்டும் சேர்த்து, குறைந்தது பத்து நாட்கள் இதனைத் தொடர வேண்டும். புள்ளி மறைந்தவுடன் நிறுத்திவிடலாகாது. செதிலற்ற கெளுத்தி, அயிரை வகைகள் உப்பைத் தாங்குவது குறைவு. அவற்றிற்கு அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

*பூஞ்சை, துடுப்பழுகல்:* காயம்பட்ட இடத்தில் பஞ்சு ஒட்டியதுபோல் பூஞ்சை வளரும். துடுப்பும் வாலும் ஓரத்திலிருந்து கிழிந்து அழுகிக் குறையும். வலையிழுப்பின்போதும், குஞ்சுகளை நெருக்கி ஏற்றிவரும்போதும் ஏற்படும் காயங்களே இவற்றின் வாயில். நோயுற்ற மீனைப் பிரித்தெடுத்து, 10 லிட்டர் நீரில் 300 கிராம் கல்லுப்பைக் கரைத்து, அதில் 3 முதல் 5 நிமிடம் வரை விட்டெடுத்தல் எளிய முறை. மீன் நிலைகுலைந்து சாயத் தொடங்கினால் நேரம் பாராது உடனே நன்னீருக்கு மாற்ற வேண்டும். குட்டையில் விடுமுன் புதுக்குஞ்சுகளுக்கும் இந்த உப்புக் குளியலைத் தருவது நற்பழக்கம்.

*மீன் பேனும் நங்கூரப் புழுவும்:* இவை கண்ணுக்குப் புலப்படும் ஒட்டுண்ணிகள். மீன் பேன் தட்டையாக, வட்டவடிவில், செதில்மேல் ஊர்ந்து இரத்தத்தை உறிஞ்சும். நங்கூரப் புழு நூல்போல் வெளியே தொங்க, அதன் தலை சதைக்குள் பதிந்திருக்கும். மீன் பேன் தன் முட்டைகளைக் கல், பலகை, கழி போன்ற கடினப் பொருள்களின்மீது ஒட்டி வைக்கிறது. இதனை அறிந்தால் செலவின்றியே அதனைக் குறைக்கலாம். குட்டையில் ஆங்காங்கே மூங்கில் கழிகளையோ பலகைகளையோ நட்டு, சில நாட்களுக்கு ஒருமுறை எடுத்து, நல்ல வெயிலில் உலர்த்தி, மீண்டும் நடுதல் வேண்டும். முட்டைகள் காய்ந்து மடியும். பேனை ஒழிக்கவென்று பயிருக்குத் தெளிக்கும் பூச்சி மருந்தைக் குட்டையில் கொட்டுவது மீனையும் கொன்று, உண்பவருக்கும் கேடு செய்யும்.

*வயிற்று வீக்கம்:* வயிறு உப்பி, செதில்கள் விறைத்து எழுந்து நிற்கும். உள்ளுறுப்புகள் பழுதுற்ற பின்னரே இக்குறி தோன்றுவதால் பிழைப்பது அரிது. அம்மீனை உடனே பிரித்து வைப்பதும், எஞ்சியவற்றின் நீரைச் சீர்செய்வதுமே அறிவுடைமை.

புண் நோய்

குளத்து மீனுக்கு வரும் நோய்களுள் பஞ்சாயத்துகள் பெரிதும் அஞ்ச வேண்டியது புண் நோயாகும். முதலில் உடலில் சிவப்புப் பொட்டுகள் தோன்றும். பின்னர் அவை ஆழ்ந்த புண்களாகி, சதை கரைந்து, சில மீன்களில் மண்டையோடும் வெளியே தெரியும். 'அபனோமைசிஸ் இன்வேடன்ஸ்' எனப்படும் பூஞ்சை போன்ற ஓர் உயிர் இதற்குக் காரணம். அதன் வித்துகள் நீரில் நீந்திச் சென்று, தோலில் ஏற்பட்ட சிறு கீறல் வழியாக உட்புகுந்து, சதைக்குள் வேரோடுகின்றன.

இந்நோய் 1971இல் ஜப்பானிலும், 1972இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பகுதியிலும் காணப்பட்டது. பின்னர் தென்கிழக்கு ஆசியாவெங்கும் பரவி, 1988இல் இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்களில் நுழைந்தது. 1991இல் கேரளத்தின் குட்டநாட்டுப் பகுதியை அது பெரிதும் வாட்டியது. ஆரியங்காவுக் கணவாய்க்கு அப்பால் உள்ள அம்மாநிலம் நமக்குத் தொலைவானதன்று. அந்நாட்களில் புண்ணுள்ள மீன்களைக் கண்ட மக்கள் அஞ்சி, எல்லா மீனையும் உண்பதை விட்டனர்; நோயற்ற மீனைப் பிடித்தவரும் விற்க வழியின்றித் தவித்தனர். இந்தப் பூஞ்சை மனிதருக்குத் தொற்றுவதன்று. புண் கண்ட மீனை விற்பதும் உண்பதும் கூடாது; நலமுள்ள மீனை நன்கு சமைத்து உண்பதற்கு அச்சம் வேண்டா. நோய் வரும்போது இச்செய்தியை ஊரறியச் சொல்வது பஞ்சாயத்து உறுப்பினரின் கடமையாகும்.

விரால், குரவை, கெளுத்தி, நாட்டுக் கெண்டை வகைகள் இந்நோய்க்கு எளிதில் இரையாகின்றன. கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவற்றையும் இது தாக்கும். சாதாக் கெண்டையும் திலேப்பியாவும் இதனைத் தாங்கி நிற்கும் இயல்புள்ளவை. பெருமழைக்குப் பின், நீரின் வெப்பம் 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும் நாட்களே இதற்கு ஏற்ற காலம். குளிரில் மீனின் எதிர்ப்பாற்றல் மந்தப்படுவதும், மழைநீர் கலந்து நீரின் காரத்தன்மை குறைவதும் நோய்க்குத் துணை செய்கின்றன. ஆகவே பிசானப் பருவத்தில் குளம் நிரம்பிய பின், கார்த்திகை முதல் தை வரை நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

சதைக்குள் புகுந்துவிட்ட நோயை முற்றும் நீக்கும் மருந்து இல்லை. எனவே தடுப்பே முதன்மையானது. நீரைச் சோதித்து, கார அமில நிலை 8.5க்குக் கீழே இருக்குமாயின், எக்டேருக்கு 200 கிலோ வரை சுண்ணாம்பை நீற்றி, ஆறவைத்து, பகுதி பகுதியாகத் தெளிக்கலாம். அந்நிலை ஏற்கெனவே 8.5 அல்லது அதற்கு மேல் உள்ள நீரில் சுண்ணாம்பு இடலாகாது. கழிவு மிகுந்த குட்டையில் அது அம்மோனியாவின் நஞ்சைக் கூட்டிவிடும். புவனேசுவரத்தை அடுத்த கௌசல்யகங்காவில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இந்நோய்க்கென்றே 'சிஃபாக்ஸ்' என்னும் மருந்தை உருவாக்கியது. தொடக்க நிலையில் அது பயன் தருகிறது. ஒரு எக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழமுள்ள நீருக்கு, அதாவது 10,000 கன மீட்டர் நீருக்கு, 1 லிட்டர் என்பது அதன் அளவு.

இதனைக் கணக்கிடும் முறையை விவசாயிகள் தெரிந்துகொள்வது நல்லது. 10 சென்ட் குட்டையின் பரப்பு ஏறத்தாழ 400 சதுர மீட்டர். சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர் எனில், கொள்ளளவு 600 கன மீட்டர். இதற்கு வேண்டிய சிஃபாக்ஸ் 60 மில்லிலிட்டர் மட்டுமே. சுண்ணாம்பு 8 கிலோ. கையளவாக அள்ளிக் கொட்டினால் பணமும் வீண், மீனும் வீண். இதே குட்டையில் சதுர மீட்டருக்கு ஒன்று என 400 குஞ்சுகளுக்கு மேல் விடாதிருத்தல், எந்த மருந்தினும் சிறந்த பாதுகாப்பாகும்.

மறுகால் வழியே செல்லும் நோய்

குற்றாலத்தில் அருவியாக விழும் சிற்றாறு, தென்காசியைக் கடந்து, சீவலப்பேரிக்கு அருகே தாமிரபரணியில் கலக்கிறது. வழியில் அணைக்கட்டுகளும் கால்வாய்களும் அந்நீரைக் குளங்களுக்குக் கொண்டு செல்கின்றன. ஒரு குளம் பெருகி மறுகால் பாய்ந்தால் அந்நீர் அடுத்த குளத்தைச் சேர்கிறது. வயலுக்கு வாழ்வளிக்கும் இவ்வமைப்பே மீன் நோய்க்கும் வழியாகிவிடக் கூடும். மேற்குளத்தில் ஒருவர் செய்யும் பிழைக்குக் கீழ்க்குளத்தின் குத்தகைதாரர் விலை கொடுக்க நேரும். ஆகவே மீன் நோய் தனி ஒருவரின் நட்டமன்று. ஊர்ப் பொதுக் காரியமாகும்.

வீட்டுத் தொட்டி வைத்திருப்போர்க்கும் இதில் பங்குண்டு. வளர்க்க மனமின்றியோ நோயுற்றதென்றோ தொட்டி மீனை வாய்க்காலிலும் அருவி ஓடையிலும் விடுவதைச் சிலர் புண்ணியமெனக் கருதுகின்றனர். அயல்நாட்டு மீனோடு அயல்நாட்டு நோயும் அங்கே இறங்குகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. தாமிரபரணியின் பெயரையே தன் அறிவியற் பெயரில் தாங்கிய கெண்டை ஒன்று உண்டு. 1954இல் அது முதன்முதலாக அறிவியல் உலகுக்கு விவரிக்கப்பட்டது. இத்தகைய மீன்கள் நம் மலையடி நீர்நிலைகளின் செல்வம். இவற்றை இழந்தால் பின்னர் எந்தப் பண்ணையிலும் விலைகொடுத்து வாங்க இயலாது. தொட்டிக் கழிவு நீரைத் தென்னங்கன்றுக்கோ பூச்செடிக்கோ ஊற்றலாம். வாய்க்காலில் ஊற்றலாகாது.

விலக்க வேண்டியவை

மனிதருக்கான மாத்திரைகளைப் பொடித்து நீரிலோ தீவனத்திலோ கலப்பது தவறு. குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் வகை மருந்துகளை உணவு மீன் வளர்ப்பில் பயன்படுத்த இந்தியாவில் தடையுண்டு. மாலகைட் பச்சை என்னும் சாயமும் உணவு மீனுக்கு ஆகாது. இவற்றின் மிச்சம் மீனின் சதையில் தங்கி உண்பவரைச் சேரும். அளவின்றிக் கொடுக்கும் நுண்ணுயிர்க் கொல்லிகளோ, நாளடைவில் எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகளை உண்டாக்கிவிடும்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

1. மீன்பாசி குத்தகை விடும்போது, நோய் கண்டால் உடனே தெரிவித்தல், செத்த மீனைக் குளத்தில் விடாது அகற்றுதல் ஆகியவற்றை நிபந்தனைகளில் சேர்த்தல்.
2. செத்த மீன்களை நீர்ப்பிடிப்புக்கு அப்பால் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க ஏற்பாடு செய்தல்.
3. ஒரு குளத்தில் இழுத்த வலையை நன்கு கழுவி, வெயிலில் முற்றும் உலர்த்திய பின்னரே மற்றொரு குளத்தில் இறக்குமாறு வலைஞர்களிடம் வற்புறுத்தல்.
4. குட்டையின் நீர்வரத்து வாயிலில் வலைத் தடுப்பு அமைத்து, வெளிமீன் புகுவதைத் தவிர்க்குமாறு விவசாயிகளைத் தூண்டுதல்.
5. புதுமீனை இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பின் மற்றவற்றோடு சேர்க்கும் பழக்கத்தை வண்ண மீன் வளர்க்கும் மகளிர் குழுக்களிடம் பரப்புதல்.

மீன்கள் கூட்டமாக மடிந்தால் காலம் தாழ்த்தாது மீன்வளத்துறை அலுவலருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். நமக்கு அண்மையிலுள்ள தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977 முதல் இயங்கி வருகிறது. நோயைத் தெரிவிப்பதற்கென்றே 'ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்' என்னும் கைப்பேசிச் செயலியை மத்திய அரசு 2023இல் வெளியிட்டது. சோதனைக்கு அனுப்பும்போது, செத்து நாறிய மீனால் பயனில்லை. நோய்க்குறியோடு உயிருள்ள மீனையும், ஒரு புட்டி நீரையும் அனுப்ப வேண்டும். எப்போது முதற்குறி கண்டது, அதற்கு முன் மழை பெய்ததா, எங்கிருந்து குஞ்சு வந்தது, என்ன தீவனம் இட்டோம் என்பவற்றையும் குறித்துத் தந்தால் நோயை நிர்ணயிப்பது எளிதாகும்.

மாட்டுக்குத் தொழுவம் எப்படியோ, மீனுக்கு நீர் அப்படி. தொழுவத்தைத் தூய்மையாக வைத்திருக்க நம் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதே கருத்தை நீரின்பாலும் செலுத்துவோமாயின், வீட்டுத் தொட்டியில் சிறுவர் விரும்பி வளர்க்கும் மீனும் பிழைக்கும். குட்டையில் உழவர் நம்பி விட்ட குஞ்சும் வளரும். குளத்து வருவாயால் பஞ்சாயத்தின் பொதுநிதியும் பெருகும். வரும் பிசானப் பருவத்திற்கு முன்பே, ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் குளத்து நீரை ஒருமுறை சோதித்துப் பார்க்க முன்வர வேண்டுமென விரும்புகிறோம்.